மழைக்காலம் பிறந்தால் பிள்ளைக்கு வீசிங்: ஏர் ப்யூரிஃபயர் வாங்கியும் ஏன் நிற்கவில்லை?

வாசகி கேட்டது, 19 நவம்பர் 2023

அக்கா, வேளச்சேரியில் அடுக்குமாடியில் முதல் மாடி, வாடகை வீடு. மகளுக்கு ஆறு வயது. வெயில் காலத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. ஐப்பசி பிறந்தால் ராத்திரி இருமல், விடிகாலையில் இழுப்பு. டாக்டர் வீசிங் என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். ஏர் ப்யூரிஃபயர் வாங்கிப் படுக்கையறையில் வைத்தோம். அதில் எண் பச்சையிலேயே நிற்கிறது, இருமல் மட்டும் நிற்கவில்லை. படுக்கையறைச் சுவரில் கறுப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன. அதன் மேல் பெயிண்ட் அடித்துத் தருவதாக வீட்டு ஓனர் சொல்கிறார். வெளியே புகை, தூசி என்றால் புரிகிறது. வீட்டுக்குள் இருக்கும்போது எங்கிருந்து வருகிறது?

19 நவம்பர், இரவு

வீட்டுக்குள்ளேயே விளைகிறது. எனக்கும் சின்ன வயதிலிருந்து இழுப்பு உண்டு, என் மகனுக்கும் உண்டு. அதனால் இந்தக் கேள்வியை அப்படியே கடந்துபோக முடியவில்லை.

முதலில் அந்தப் பச்சை எண். அது பெரும்பாலும் பிஎம் 2.5 அளவு. புகையில் இருக்கிற, 2.5 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகளைத்தான் அது எண்ணுகிறது. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசி உண்ணி என்ற நுண்ணிய உயிரின் கழிவு உருண்டைகள் 10 முதல் 40 மைக்ரான் வரை இருக்கும். இழுப்பைக் கிளப்புவது உண்ணியைவிட அந்தக் கழிவுதான். அவை கனமானவை. படுக்கையை உதறினால் எழும்பும், அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கீழே படிந்துவிடும். ப்யூரிஃபயர் மூலையில் நின்று காற்றை இழுக்கிறது. குழந்தையின் மூக்கோ தலையணைக்குள் புதைந்திருக்கிறது. நடுவில் எந்தக் கருவி என்ன செய்யும்?

சுவரில் இருக்கும் அந்தக் கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. அதன் வித்து சின்னது, 2 முதல் 10 மைக்ரான். அதில் ஒரு பகுதியை நல்ல ஹெப்பா ஃபில்டர் (ப்யூரிஃபயருக்குள் இருக்கும் நுண்வடிகட்டி) பிடிக்கும். ஆனால் சுவர் ஈரமாக இருக்கிறவரை வித்து வந்துகொண்டே இருக்கும். ஆகவே கருவியை விற்றுவிட வேண்டாம், தீபாவளிப் புகைக்கு அது உதவும். உங்கள் வீட்டுப் பிரச்சினை காற்றில் தொடங்கவில்லை, தண்ணீரில் தொடங்குகிறது. நாளை சுவரைப் பற்றி எழுதுகிறேன்.

20 நவம்பர், காலை

கறுப்புப் புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் பராமரிப்பு வேலை பல வருடமாக என் தலையில்தான் இருக்கிறது. கொத்தனாரைக் கூப்பிடும் முன் நான் பார்ப்பது இதைத்தான்.

தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்து, பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்தால் அது ஓதம், தரையிலிருந்து ஏறுவது. தரைத்தளத்து வீடுகளில்தான் இது அதிகம். உங்களுக்கு முதல் மாடி என்பதால் இதற்கு வாய்ப்புக் குறைவு.

கூரையில் பழுப்பு வளையம் இருந்தால் மேல்வீட்டு பாத்ரூம். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் பாத்ரூமே இருந்தால், தண்ணீர்க் குழாயாகவும் இருக்கலாம், தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பைச் சுற்றியுள்ள பூச்சாகவும் இருக்கலாம், டைல்ஸ் இடுக்காகவும் இருக்கலாம். பாத்ரூம் ட்ரெய்னைத் துணி வைத்து அடைத்துத் தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஈரம் பெரிதானால் தரையில்தான் கசிவு. பெரிதாகாவிட்டால் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

வெளிச்சுவரின் மேல்மூலையில் இருந்தால் சன்ஷேடில் மழைத்தண்ணீர் தேங்குகிறதா என்று எட்டிப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் மட்டும் என்றால் அங்கே காற்றே போகவில்லை என்று அர்த்தம். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டாலே பாதி சரியாகும்.

ஓனரிடம் சொல்லுங்கள்: ஈரத்தை நிறுத்தாமல் மேலே பெயிண்ட் அடித்தால் அடுத்த ஐப்பசிக்குள் பெயிண்டையும் தின்றுகொண்டு பூஞ்சை வெளியே வரும். அந்தப் பணத்தைப் பிளம்பருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

20 நவம்பர், மதியம்

வித்துகளை எண்ணும் பரிசோதனை செய்யலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஈரமும் பூஞ்சையும் பற்றியே தனி வழிகாட்டி வெளியிட்டது. ஈர வீட்டில் வசிப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா அதிகம் என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் இத்தனை வித்து வரை பாதுகாப்பு, அதற்கு மேல் ஆபத்து என்று ஓர் எல்லையை அதனாலும் வகுக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, அல்லது மக்கல் வாடை வருகிறது என்றால் அகற்ற வேண்டியதுதான். எண் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

கறுப்பாக இருந்தால் கொடிய விஷம் என்ற பயமும் வேண்டாம். 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு வந்தபோது ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சை மேல் பழி விழுந்தது. 2000இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமே மறுபடி ஆராய்ந்து, அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றது. நிறத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. கறுப்போ பச்சையோ வெள்ளையோ, இழுப்புள்ள பிள்ளை தூங்கும் அறையில் எதுவும் இருக்கக் கூடாது.

20 நவம்பர், இரவு

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுவர் சரியாகும்வரை, சரியான பிறகும், டாக்டர் சொல்லாமல் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். ‘பழக்கமாகிவிடும்’ என்று நம் ஊரில் எல்லாப் பெரியவர்களும் சொல்வார்கள். என் மாமியாரும் சொன்னார். தடுப்பு இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கில் மருந்து, நேரே நுரையீரலுக்குப் போகிறது. அதை நிறுத்தி, அர்த்தராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நெபுலைசருக்கு ஓடுவதுதான் ஆபத்து. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்தால், பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால் காத்திருக்கவே கூடாது, உடனே மருத்துவமனை.

24 நவம்பர்

படுக்கைக்கு வருகிறேன். வீட்டுத் தூசியால் இழுப்பு வருகிறது என்று மருத்துவர்களுக்கு முன்பே தெரியும். தூசியில் எது என்பது தெரியாமல் இருந்தது. 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவினர்தான் அது தூசி உண்ணி என்று காட்டினார்கள். ஈரமான வீடுகளில் அது கூடுதல் என்றும் அவர்கள் கண்டார்கள். அரை மில்லிமீட்டர் கூட வராத உயிர். தண்ணீரே குடிக்காது. காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சி வாழும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் வற்றிச் செத்துவிடும். நம் உடம்பில் உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. சென்னை போன்ற வெக்கை ஊர்களில் ப்ளோமியா டிராப்பிகாலிஸ் என்ற இன்னொரு வகையும் சேர்ந்துகொள்கிறது.

நாங்கள் வளர்ந்தது கோரைப்பாயில். காலையில் சுருட்டி நிறுத்துவோம், அமாவாசைக்கு அலசிக் காயவைப்போம். லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போனால் இலவம்பஞ்சு மெத்தை. அங்கே எனக்கு முதல் ராத்திரியே மூக்கடைப்பும் தும்மலும் ஆரம்பித்துவிடும். ‘இவளுக்கு இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கல’ என்பார் பெரியம்மா. பாயில் உண்ணி தங்குவதற்கு ஆழம் கிடையாது. மெத்தையில் எத்தனையோ வருடத்துத் தோல் செதில் சேர்ந்து கிடக்கும்.

பாய்க்குத் திரும்ப முடியாதவர்கள் செய்யக்கூடியது: மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த முழு உறை. வாரம் ஒருமுறை போர்வையும் தலையணை உறையும் 60 டிகிரி வெந்நீரில். வாஷிங் மெஷினில் அந்த வசதி இல்லாவிட்டால் சாதாத் தண்ணீரில் துவைத்தாலும் ஒவ்வாமை தரும் பொருள் பெருமளவு கரைந்து போகும், உண்ணிதான் சாகாது. பிள்ளை கட்டிப் பிடித்துத் தூங்கும் பஞ்சு பொம்மையையும் மறக்காமல் துவையுங்கள். மெத்தையைத் தட்டும்போது பிள்ளை அறையில் இருக்கக் கூடாது.

27 நவம்பர்

ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று இங்கே பலரும் எழுதுகிறார்கள். பொதுவாக நல்லதுதான், ஆனால் யோசிக்க யோசிக்க கார்த்திகை மாதத்துச் சென்னைக்கு அதை அப்படியே சொல்ல மனம் வரவில்லை. வெளியே ஈரப்பதம் 85 சதவீதம் இருக்கும் இரவில் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவதும் 85தான். லைடனிலோ லண்டனிலோ குளிர்காலக் காற்று சூடான வீட்டுக்குள் வந்தால் வறண்டுபோகும். அங்கே எழுதிய அறிவுரை நமக்கு வருடத்தில் பாதி மாதம் பொருந்தாது.

நான் செய்வது இது. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி கிடைக்கிறது, படுக்கையறையில் ஒன்று வைத்திருக்கிறேன். வெயில் எட்டிப் பார்க்கும் நேரம், நடுப்பகல், எல்லா ஜன்னலும் திறப்பு. மழை பெய்யும்போது மூடல். சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். மழை என்று படுக்கையறையில் கொடி கட்டி ஈரத்துணி காயப்போடுவதை அடியோடு நிறுத்தினேன். ஒரு வாளித் துணியில் இருக்கும் தண்ணீர் முழுக்க அந்த அறைக் காற்றுக்குத்தான் போகிறது. ஏசி இருந்தால் ராத்திரி படுக்கும் முன் ட்ரை மோடில் கொஞ்ச நேரம். ஏசியின் வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள், ட்ரெய்ன் பைப் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். போட்டவுடன் புளித்த வாடை அடித்தால் உள்ளே காயிலில் பூஞ்சை.

50க்குக் கீழே நம்மால் கொண்டுவர முடியாது. 60 பக்கம் நிறுத்தினாலே பூஞ்சை அடங்கும், உண்ணி பெருகுவதும் மட்டுப்படும்.

8 டிசம்பர்

மிக்ஜாம் புயல் போய்விட்டது. கரன்ட் இப்போதுதான் வந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் இன்னும் தண்ணீர் நிற்கிற தெருக்கள் உண்டு. கேள்வி கேட்ட தங்கை பத்திரமாக இருப்பதாக எழுதியிருக்கிறார், மனம் ஆறியது. தரைத்தளத்தில் இருப்பவர்களுக்காக அவசரமாக இது.

நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். அந்தக் கெடு பலருக்கு முடிந்துவிட்டது. எனவே சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய மெத்தை, தலையணை, சோபா, தெர்மோகோல், பிளைவுட் இவற்றைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். வலிக்கும், தெரிகிறது. கடன் வாங்கி வாங்கிய மெத்தையாகவும் இருக்கும். ஆனாலும் உள்ளே காய்வதே இல்லை. பாத்திரம், பிளாஸ்டிக், இரும்பு, டைல்ஸ் எல்லாம் சோப்புத் தண்ணீரில் தேய்த்தால் மீளும்.

தேய்க்கும்போது என்95 மாஸ்க், ரப்பர் கையுறை. காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கட்டி எறியுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள், குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. இழுப்பு உள்ளவர்களும் குழந்தைகளும் முதியவர்களும் அந்த வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும். சொந்தக்காரர் வீட்டில் நாலு நாள் தங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பூச்சு காயாமல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டாம். சுவர் உள்வரை காய வாரங்கள் ஆகும்.

10 டிசம்பர்

சாம்பிராணி. ‘ஈர வாடைக்குச் சாம்பிராணி போட்டால் கிருமி சாகும்’ என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். வாடையை மறைக்கும், மனதுக்கு இதமாகவும் இருக்கும். சுவரில் ஊன்றிய பூஞ்சை அதனால் போகாது. அந்தப் புகையிலேயே நுண்துகள் இருக்கிறது, சுருங்கிய மூச்சுக்குழாய் அதைத் தாங்காது. பூஜைக்குப் போடுவதை நான் தடுக்கவில்லை. குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுக் கூடையைக் கவிழ்த்து முடிக்குப் புகை காட்டும் வழக்கத்தை மட்டும் இழுப்புள்ள பிள்ளைக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கொசுவத்திச் சுருளுக்கும் இதேதான். வலை கட்டுங்கள்.

17 டிசம்பர்

வேலூர்க்காரர் ஒருவர்: ‘எங்கள் ஊரில் ஈரம் இல்லை, அப்பாவுக்கு வறட்டு இருமல் மாதக்கணக்கில் இருக்கிறது, கோடையில் கூலர் போட்டால் கூடுகிறது.’

ஐயா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். இது ஆஸ்துமாவாக இல்லாமலும் இருக்கலாம். நுரையீரல் திசு வடுவாகி இறுகும் நோய்கள் பற்றி இந்தியாவில் 19 நகரங்களில் 27 மருத்துவ மையங்கள் சேர்ந்து பதிவேடு ஒன்று நடத்தின. முடிவு 2017இல் வெளிவந்தது. 1,084 நோயாளிகளில் 47.3 சதவீதம் பேருக்கு ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ். சுவாசிக்கும் உயிரியல் தூசிக்கு நுரையீரலே அழற்சி காட்டும் நோய் அது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வீட்டில் ஏர் கூலர் இருந்தது. மற்ற நாடுகளின் பதிவேடுகளில் இந்த நோயின் பங்கு இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

கூலர் உள்ளே பாருங்கள். தொட்டியில் நாள்பட்ட தண்ணீர், எப்போதும் ஈரமான பேட், அதன் வழியே முகத்துக்கு நேரே காற்று. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்? தினமும் தண்ணீரை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் காயவிடுங்கள். ஒவ்வொரு கோடைக்கும் புதிய பேட். ஆனால் அப்பாவுக்கு முதலில் நுரையீரல் மருத்துவர், தேவைப்பட்டால் சிடி ஸ்கேன். சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்பக் கட்டம் தெரியாமல் போகலாம். கூலர், புறா, வைக்கோல், ஈரச்சுவர் எதெல்லாம் வீட்டில் உண்டு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்க நேரமில்லாத டாக்டர்களும் இருக்கிறார்கள்.

புறாவை ஏன் சேர்த்தேன் என்றால், இதே நோய்க்கு இன்னொரு வாசல் அது. புறா எச்சமும் இறகுத் தூசியும். எங்கள் கட்டடத்தில் ஏசி வெளிப்பெட்டிகளுக்குப் பின்னாலும் பாத்ரூம் டக்ட்டிலும் எச்சம் அங்குலக் கணக்கில் இருந்தது. வலை அடிக்கச் சொன்னபோது, வாயில்லா ஜீவனுக்குப் பாவம் என்று ஒரு பெரியவர் எதிர்த்தார். இரை போடும் இடத்தை மொட்டைமாடியிலிருந்து அகற்றி, தெருமுனைத் திறந்த வெளிக்கு மாற்றுகிறோம் என்றதும் ஒத்துக்கொண்டார். டக்ட்டைச் சுத்தம் செய்தவர்களுக்கு மாஸ்க் கொடுத்து, முதலில் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே சுரண்டச் சொன்னோம். இதை ஒவ்வொரு சங்கமும் செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவர்களின் நுரையீரலும் நுரையீரல்தான்.

26 டிசம்பர்

‘வீட்டில் ஒருவருக்கு டிபி, அறையைப் பூட்டி வைத்திருக்கிறோம்’ என்று வந்த செய்தியைப் படித்ததிலிருந்து மனம் கேட்கவில்லை. இந்த இழையில் இதுவரை வராத விஷயம். ஆனால் வீட்டுக் காற்றில் மிதக்கும் உயிர்களில் அதிகம் கொன்றது காசநோய்க் கிருமிதான்.

பூட்ட வேண்டாம். சென்னையிலேயே இதற்கு விடை கிடைத்தது. 1956இல் இங்கே காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கியது, இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். ஏழை நோயாளிகள் 193 பேரைப் பிரித்து ஒரு பாதியை சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில்), மறுபாதியை நெரிசலான சொந்த வீட்டிலேயே வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். 1959இல் முடிவு வந்தது: குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. குடும்பத்தினரைத் தொடர்ந்து கவனித்தார்கள், வீட்டில் வைத்துப் பார்த்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் ஊர்க் குடிசைகளும் ஒரு காரணம்.

இங்கே மட்டும் ஜன்னலைத் தயங்காமல் திறக்கச் சொல்வேன், மழையானாலும். பெரு நாட்டின் லிமாவில் மருத்துவமனைகளை அளந்தபோது, ஜன்னல், கதவு திறந்த அறைகளில் ஒரு மணி நேரத்துக்கு 28 முறை காற்று மாறியது. அந்த ஆய்வு 2007இல் வெளியானது. உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் வைத்த பழைய கட்டடங்கள் புதியவற்றைவிட நன்றாக இருந்தன. நோயாளியின் அறைக்கு ஜன்னல் வேண்டும், மாத்திரை தவறக் கூடாது, இருமும்போது வாயை மூட வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் பரிசோதனை, தடுப்பு மாத்திரை. எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

28 டிசம்பர்

கரப்பான் பற்றிக் கேட்டவருக்கு. ஆம், இழுப்பைத் தூண்டும். அமெரிக்க நகரங்களின் ஏழைப் பகுதிகளில் ஆஸ்துமா குழந்தைகள் 476 பேரை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டார்கள். கரப்பான் ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறையில் அதன் தூசியும் அதிகமாக இருந்த குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தது மற்றவர்களைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அதன் நெடியே இழுப்பைக் கொண்டுவரும். சிங்க் அடியிலும் கேஸ் அடுப்பின் பின்னாலும் கரப்பான் கொல்லும் ஜெல் வையுங்கள், ராத்திரி சிங்க்கை ஈரமில்லாமல் துடைத்துவிட்டுப் படுங்கள். செத்தவற்றின் தூளும் ஒவ்வாமைதான், லாஃப்டையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

9 ஜனவரி 2024

தங்கையிடமிருந்து நல்ல செய்தி. கசிந்தது அவர்கள் பாத்ரூமின் குழாய். தண்ணீர் கட்டிப் பார்த்ததில் தரையில் ஒன்றும் இல்லை, சுவருக்குள் முழங்கை வளைவில் வெடிப்பு. ஓனர் ஒருவழியாக மாற்றிக் கொடுத்துவிட்டார். மகளுக்கு ராத்திரி இருமல் குறைந்திருக்கிறது. மழையும் நின்றுவிட்டதால் எதனால் குறைந்தது என்று இப்போது சொல்ல முடியாது, அடுத்த ஐப்பசியில்தான் தெரியும். ஒவ்வாமைக்குத் தோல் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறேன். உண்ணியா பூஞ்சையா என்று தெரிந்தால் எதற்குப் பணம் செலவழிப்பது என்று தெரியும்.

போகி வருகிறது, சுண்ணாம்பு அடிக்கலாமா என்று கேட்கிறார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் திரும்பும் நேரம் பார்த்து வீட்டைக் காலிசெய்து, பழைய பாயையும் கந்தலையும் கழித்து, சுவருக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் எவ்வளவு அறிவோடு அமைந்திருக்கிறது என்று நான் ஒவ்வொரு வருடமும் வியக்கிறேன். நீர்த்த சுண்ணாம்பின் காரத்தன்மை பிஎச் 12க்கு மேல். அதில் பூஞ்சை வளராது. சுவரின் ஈரம் வெளியே வரவும் அது வழிவிடும். ஆனால் உங்கள் சுவரில் பட்டியும் எமல்ஷனும் இருக்கிறது, அதன் மேல் சுண்ணாம்பு ஒட்டாது. அவற்றைச் சுரண்டிப் பூச்சு தெரியும்படி செய்தால்தான் பிடிக்கும். கறுத்த பகுதியை மட்டும் அப்படிச் செய்யுங்கள், சுவர் முழுக்கக் காய்ந்த பிறகு. சுரண்டும் அன்று மகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும். பழைய மெத்தையைப் போகியில் கொளுத்தாதீர்கள், குப்பை வண்டியில் போடுங்கள்.

11 ஜனவரி

பூனை வளர்க்கலாமா என்று அந்தச் சின்னப் பெண்ணே கேட்கச் சொன்னாளாம். கண்ணம்மா, தோல் பரிசோதனை முடிவு வரட்டும். உண்ணிக் கழிவு போல பூனை ஒவ்வாமைப் பொருள் உடனே படியாது. மிகச் சிறிய துகளாக மணிக்கணக்கில் மிதக்கும், பள்ளிச் சீருடையில்கூட ஒட்டிக்கொண்டு வரும். பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்த பிறகும் அந்த வீட்டில் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் கொண்டுவந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது பிள்ளைக்கும் பூனைக்கும் கஷ்டம். பரிசோதனையில் பூனைக்கு ஒவ்வாமை இல்லை என்று வந்தால் அம்மாவிடம் நானே பேசுகிறேன். படுக்கையறைக்குள் மட்டும் விடக் கூடாது.